மணி தெரியாத கடிகாரம்: ஸ்டாம்ப் அச்சிட்டு அலங்கரித்த ஒரு சுவர்க்கடிகாரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஸ்டாம்பும் மையும் வைத்து வாழ்த்து அட்டை செய்வதில் பல வருடப் பழக்கம் உள்ள ஒரு பெண், தன் அப்பாவின் அறையில் இருந்த வெறும் வெள்ளைக் கடிகாரத்தை அலங்கரிக்க நினைத்தார். அப்பாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. ஒரு கண்ணில் புரை நீக்கி லென்ஸ் வைத்தாயிற்று, இன்னொரு கண் சுமார்தான். நாளின் பெரும்பகுதி கட்டிலில் கழிகிறது. கடிகாரம் எதிர்ச்சுவரில் இருக்கிறது. மருந்து வேளை, ரேடியோவில் செய்தி நேரம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் பார்ப்பார்.

கடிகாரம் சாதாரணமானது. சுமார் 30 செ.மீ. விட்டம், வெள்ளை பிளாஸ்டிக் ஃப்ரேம், வெள்ளை முகப்பில் கறுப்பு எண்கள், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மிஷின். "ஆஸ்பத்திரியில மாட்டின மாதிரி இருக்கு அக்கா, நாலு இலை கொடி போட்டா நல்லா இருக்கும்" என்றார் மகள். கடிகார மிஷின்களைக் கழற்றி மாட்டும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் என்னைக் கூப்பிட்டார். அச்சு வேலை முழுக்க அவருடையது. பிரிப்பது, பூட்டுவது, நின்றால் ஏன் என்று பார்ப்பது என் பங்கு. இருவர் சம்மதத்தோடும் எழுதுகிறேன். அடையாளம் தரக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

கழற்றிப் பார்த்தபோது

பின்பக்கத் திருகுகளை எடுத்ததும் முன்கண்ணாடி தனியாக வந்தது. பெயர்தான் கண்ணாடி, உண்மையில் அக்ரிலிக் தகடு. அதில் ஒரு மைக்கறை படிந்தபோது அவர் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கப் போனார், நிறுத்தினேன். அக்ரிலிக் மீது ஸ்பிரிட் பட்டால் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும், பிறகு போகாது. சோப்பு நீரும் மெல்லிய துணியும் போதுமாக இருந்தது.

முட்களை எடுக்கும் முன் மூன்றையும் 12-க்குக் கொண்டுவந்தோம். இந்த வகையில் முட்கள் தண்டில் அழுத்திச் செருகப்பட்டவை. நொடி முள், நிமிட முள், மணி முள் என்ற வரிசையில் நேர்மேலாக இழுத்தால் வந்துவிடும். சாய்த்து நெம்பினால் நொடி முள்ளின் குழாயும் அது உட்காரும் மெல்லிய ஊசியும் வளையும். நிமிட முள்ளைத் திருகாணி போட்டுப் பிடித்திருக்கும் மிஷின்களும் உண்டு. எனவே இழுக்கும் முன் உற்றுப் பார்த்துவிட வேண்டும்.

முகப்பு என்பது பின்தகட்டில் ஒட்டிய வழவழப்பான தாள். ஃப்ரேமுக்குள் மறையும் ஓரத்தில் மைகளைச் சோதித்தோம். டை மை (சாயம் நீர்போலக் கரைந்திருக்கும் மை) முத்து முத்தாகத் திரண்டு நின்றது, காய்ந்த மாதிரி தெரிந்தபோதும் விரல் பட்டதும் அழிந்தது. பிக்மென்ட் மை (கரையாத நிறத்தூள் கலந்த கெட்டி மை) மறுநாளும் பிசுபிசுப்பாகவே இருந்தது. இதில் வியப்பு இல்லை. இந்த இரண்டு மைகளும் தாள் உறிஞ்சிக்கொள்ளும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை, பூச்சுத் தாளில் உள்ளே போக வழியில்லை.

சால்வென்ட் மை, அதாவது ஆவியாகிவிடும் ரசாயனக் கரைப்பானில் செய்த மை, நேரடியாகப் பிடிக்கும். ஆனால் ஒரு ஸ்டாம்ப் கோணலாக விழுந்தால் முகப்பே போயிற்று, திருத்த முடியாது. அவரிடம் இருந்தவையோ பெரும்பாலும் பாலிமரில் செய்த, ஒளி ஊடுருவும் கிளியர் ஸ்டாம்புகள், சால்வென்ட் மை அவற்றைக் கெடுக்கக்கூடும். வயதானவர் படுக்கும் வீட்டில் அந்த நெடியும் வேண்டாம் என்று தோன்றியது. ஆக, தனித்தாளில் முகப்பைச் செய்து பழையதன் மேல் பொருத்துவது என்று முடிவானது. பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், பழைய முகப்பு அடியில் அப்படியே இருக்கும். இந்த வழியின் குறை தாளின் கனம். அப்போது அதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை.

முதல் முகப்பு

300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனமுள்ள, சொரசொரப்பு இல்லாத வாட்டர்கலர் தாளைத் தேர்ந்தெடுத்தார். இளமஞ்சள் கலந்த வெண்மை. ஓரத்தில் பழுப்பு டை மையைப் பிரஷ்ஷால் வட்டம் வட்டமாகத் தேய்த்து நடுப்பக்கம் வெளிறவிட்டார். அதன்மேல் கரும்பச்சையில் பெரணி, கொடி, நீண்ட காம்புள்ள இலைகள், ஓரத்தில் அடர்ந்து மையம் வரை நீண்டன. எண்களுக்கு ரோமன் ஸ்டாம்ப் தொகுப்பு. பிக்மென்ட் மையில் அச்சிட்டு, ஈரம் காயும் முன் சூட்டில் உருகிப் புடைத்து நிற்கும் தங்க நிற எம்பாஸிங் பவுடர் தூவி, சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் உருக்கினார். தாள் தனியாக மேஜையில் இருந்தபோதே இதைச் செய்தது நல்லதாயிற்று. பிளாஸ்டிக் தகட்டின் மேல் வைத்து அந்தச் சூட்டைக் காட்டியிருந்தால் தகடு நெளிந்திருக்கும்.

ரோமன் எண்களில் நாலுக்கு IV என்று போடாமல், பல கடிகாரங்களில் இருப்பது போல IIII என்றே போட்டார். எதிரே இருக்கும் VIII-க்கு அது ஈடு கொடுக்கும். எண்களின் அடி மையத்தைப் பார்க்குமாறு திருப்பி வைத்தார். பழைய ரோமன் முகப்புகளின் வழக்கம் அது.

கடைசியாக நொடி முள்ளின் நுனியில் ஒரு சின்னத் தாள் வண்ணத்துப்பூச்சியை ஒட்டினார். நொடிக்கு நொடி அது துள்ளுவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பூட்டும்போது ஒரு சிக்கல். மையத் துளையை அவர் தண்டின் அளவுக்கே இறுக்கமாக வெட்டியிருந்தார். மணி முள்ளை வழக்கமான ஆழத்துக்கு அழுத்தினால் அதன் வட்டத் தலை தாளில் உரசியது. எனவே அதைக் கொஞ்சம் மேலே நிறுத்திவிட்டு மற்ற முட்களைச் செருகினோம். மேஜையில் படுக்கவைத்து இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை.

சுவரில் மாட்டிய பிறகு

பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அப்பாவும் பாராட்டினார். மாட்டி இரண்டு நாள் கழித்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா, மணி எத்தனைன்னுதான் தெரியல" என்றார்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து நாங்களும் பார்த்தோம். கறுப்பு முட்கள் ஒல்லியானவை. வெள்ளை முகப்பில் அவை பளிச்சென்று தெரிந்தன. கரும்பச்சைக் காம்புகளுக்கு நடுவே அவையும் இன்னொரு காம்பாகிவிட்டன. 7-க்கும் 8-க்கும் நடுவே நிமிட முள் இருந்தபோது, பெரணியின் தண்டு எது முள் எது என்று எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. தங்க எண்களின் தொல்லை வேறு. பகலில் சரியாகத் தெரிந்தவை மாலையில் விளக்குப் போட்டதும் ஒரு பக்கம் பளபளத்தன, மறுபக்கம் தாள் நிறத்திலேயே கரைந்தன. கீழ்ப்பாதியில் தலைகீழாக நின்ற ரோமன் எண்களைப் படிக்க அவர் ஒவ்வொரு முறையும் கோடுகளை எண்ண வேண்டியிருந்தது. பழைய கடிகாரத்தை அவர் படித்ததே இல்லை, பார்த்தார், தெரிந்தது. இப்போது படிக்க வேண்டியதாயிற்று, அதுவும் எழுந்து கிட்டே போய்.

இதற்கிடையில் கடிகாரம் நிற்கவும் தொடங்கியது. நொடி முள் இருந்த இடத்திலேயே துடிக்கும், நகராது. யாராவது முள்ளைத் தள்ளிவிட்டால் மறுபடி ஓடும். பேட்டரியை மாற்றியும் அதே கதை.

கடிகாரம் ஏன் நின்றது

முதல் சந்தேகம் வண்ணத்துப்பூச்சி மீது. நியாயமான சந்தேகம்தான். நொடி முள்ளின் வால்பக்கம் சற்றுக் கனமாக இருப்பது நுனியின் எடையைச் சமன் செய்யத்தான். நுனியில் எதையாவது ஒட்டினால் அந்தச் சமன் போய்விடும். முள் 6-லிருந்து 12-க்கு ஏறும் பாதியில் மிஷின் அதிகம் உழைக்க வேண்டும், அதிலும் முள் படுக்கையாக நிற்கும் 9-க்கு அருகேதான் உச்சச் சுமை. பேட்டரி தீரும் நிலையில் பல கடிகாரங்களின் நொடி முள் அங்கே நின்று துடிப்பதும் இதனால்தான். வண்ணத்துப்பூச்சியை எடுத்தோம். ஓட்டம் கொஞ்சம் சீரானது, ஆனாலும் நின்றது.

துப்புக் கொடுத்தவர் அப்பா. சும்மா இருக்கப் பிடிக்காத மனிதர். நிற்கும் ஒவ்வொரு தடவையும் எந்த மணியில் நின்றது என்று மகளைக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவைத்திருந்தார். 2:10, 5:27, 8:43, மறுபடி 5:27. சீட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று வரும் நேரங்கள் அவை. 12 மணி நேரத்தில் 11 முறை, ஏறக்குறைய 65 நிமிடம் 27 நொடிக்கு ஒரு முறை, அவை ஒன்றையொன்று கடக்கின்றன. மேலே நிறுத்திய மணி முள், கடந்து போகும் நிமிட முள்ளின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சில சமயம் உரசியபடியே தாண்டியது, சில சமயம் மாட்டிக்கொண்டது. மேஜையில் படுத்திருந்தபோது தெரியாத இந்த உரசல், சுவரில் நிமிர்ந்து தொங்கி முட்கள் தம் எடையில் லேசாகச் சாய்ந்ததும் வெளிப்பட்டது.

மிஷினை மாற்றலாம் என்ற யோசனையும் வந்தது. தேவையில்லை என்றேன். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. நின்ற நிலையிலும் நொடி முள் துடித்தது என்றால் படிகமும் மின்சுற்றும் தம் வேலையைச் செய்கின்றன. தடை முட்களில். புது மிஷின் போட்டு முட்களை அதே உயரத்தில் வைத்தால் அதுவும் நிற்கும்.

இரண்டாவது முகப்பு: எடுத்த முடிவுகள்

முட்களை மட்டும் சரிசெய்து முதல் முகப்பையே வைத்திருக்கலாம். அது ஓடும், ஆனால் மணி தெரியாது. எனவே முகப்பையே மறுபடி செய்வது என்று மகளே முடிவெடுத்தார். கொஞ்சம் மனவருத்தம் இருந்தது. அந்தப் பெரணி வேலைக்கு அவர் எவ்வளவு நேரம் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும்.

இம்முறை ஸ்டாம்ப் பெட்டியைத் திறக்கவில்லை. முட்களிலிருந்து தொடங்கினோம். நிமிட முள்ளின் நுனி எட்டும் வட்டத்தைப் பென்சிலால் வரைந்தோம். அதற்குள் அலங்காரமே கிடையாது, வெறும் தாள்நிறம். எண்கள் அந்த வட்டத்தின் உள்ளோரத்தில். இலைகள் வட்டத்துக்கு வெளியே, ஃப்ரேமை ஒட்டிய வளையத்தில் மட்டும்.

முட்களுக்கே தங்கச் சாயம் பூசலாமா என்று கேட்டார். கறுப்பு முள் வெளிர் தாளில் தரும் தெளிவை எந்தத் தங்கமும் தராது, சாயத்தின் கனம் வேறு கூடும். வேண்டாம் என்று விட்டோம்.

எண்களை அப்பாதான் தேர்ந்தெடுத்தார். மூன்று ஸ்டாம்ப் தொகுப்புகளின் எண்களைச் சாதாரணத் தாளில் அச்சிட்டு, கடிகாரம் இருந்த இடத்தில் ஒட்டி, பகலில் ஒரு தடவை, இரவு விளக்கில் ஒரு தடவை கட்டிலிலிருந்து பார்க்கச் சொன்னோம். மகளுக்குப் பிடித்தது சுழித்த வால்கள் கொண்ட எழுத்துரு. "இதுல ஆறு எது எட்டு எதுன்னு சண்டை போடணும்" என்று அப்பா ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். தடித்த, வாய் திறந்த 6, 9 கொண்ட எளிய எண்கள் தேர்வாயின. எல்லா எண்களும் நிமிர்ந்தே நிற்க வேண்டும் என்பது அப்போதே உறுதியானது. மையம் நோக்கித் திருப்பினால் கீழே வரும் 6 தலைகீழாகி 9 ஆகிவிடும்.

எண்களுக்குக் கறுப்பு பிக்மென்ட் மை. டை மை வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும், அந்தச் சுவரில் காலை வெயில் படுகிறது. இலைகளுக்கும் பிக்மென்ட். பின்னணி நிறத்துக்கு மட்டும் டை மை, பிரஷ்ஷில் தேய்க்க அதுதான் இணக்கமானது. அது மங்கினாலும் மணி பார்ப்பதற்கு இடைஞ்சல் இல்லை. வார்னிஷ் பூசவில்லை. முன்னால் தகடு இருக்கும்போது தூசி வராது. வார்னிஷ் பளபளப்பைக் கூட்டும், பிரஷ்ஷால் பூசினால் டை மையைக் கரைத்து இழுத்துவிடும்.

அச்சிட்ட விதம்

தாள் இம்முறை மெல்லியது, 200 ஜி.எஸ்.எம். கவராயத்தால் வட்டங்களும் பாகைமானியால் 30 பாகைக்கு ஒரு கோடும் டிரேசிங் தாளில் போட்டு, அதை அடியில் வைத்து ஜன்னல் கண்ணாடி மேல் பிடித்து, முகப்புத்தாளில் மிக மெல்லிய பென்சில் புள்ளிகளாக மட்டும் எடுத்துக்கொண்டார். முகப்பில் கோடு போட்டு ரப்பரால் அழித்தால் தாளின் மேற்பரப்பு கலையும், அந்த இடத்தில் மை திட்டுத்திட்டாக ஏறும்.

எண்களை வைப்பதில்தான் அதிக நேரம் போனது. ஸ்டாம்பின் அடிப்பகுதியைப் புள்ளியில் வைத்தால் 12 மேலே போய்விடுகிறது, 6 உள்ளே வந்துவிடுகிறது. எண்ணின் நடு, கோட்டின் மேல் விழ வேண்டும். 10, 11, 12-இல் இரண்டு இலக்கங்களையும் ஒரே அக்ரிலிக் பிளாக்கில் (ஸ்டாம்பை ஒட்டிப் பிடிக்கும் கட்டை) சேர்த்து ஒட்டி, ஜோடியின் நடுவைப் புள்ளிக்குக் கொண்டுவந்தார். 11-இன் இரண்டு ஒன்றுகளும் இடைவெளி கூடினால் தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தன, நெருக்கியதும் எண்ணாயின.

ஸ்டாம்புகளில் ஒன்றிரண்டு புதியவை. புது கிளியர் ஸ்டாம்பில் வழவழப்பான மெல்லிய படலம் இருக்கும், மை அதில் துளித்துளியாகத் திரளும். வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்த பிறகு மை சமமாகப் பரவியது. பிறகு அவர் கை செய்ததைச் சொல்ல வேண்டும். ஸ்டாம்பை மையில் அழுத்தவில்லை. ஸ்டாம்பை மல்லாத்தி, மைப்பேடைக் கவிழ்த்து அதன் முகத்தில் மெல்லத் தட்டித் தட்டி ஏற்றினார். சாய்த்துப் பார்த்து, ஓரத்தில் வழிந்த மையை நகத்தில் சுற்றிய துணியால் எடுத்தார். தாளுக்கு அடியில் மெத்தென்ற ஃபோம் விரிப்பு. பிளாக்கை நேராக இறக்கி, நாலு மூலையிலும் விரல்நுனியால் அழுத்தி, ஆட்டாமல் நேராகத் தூக்கினார். ஆட்டினால் ஸ்டாம்பின் விளிம்பும் பதிந்து எண்ணைச் சுற்றி நிழல் விழும்.

இலைகளுக்கு முன் நடுவட்டத்தை மறைக்கும் அளவுக்கு மெல்லிய தாளில் ஒரு வட்டம் வெட்டி, லேசாக ஒட்டும் பசையால் ஒட்டினார். இலை பாதி மறைப்பின் மேலும் பாதி முகப்பின் மேலும் விழுமாறு அச்சிட்டார். மறைப்பை உரித்ததும் இலைகள் ஒரு வட்டச் சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது போல விளிம்பு சுத்தமாக நின்றது. ஒரு தடவை மை ஏற்றிய ஸ்டாம்பை முதலில் முகப்பிலும், மறுபடி மை ஏற்றாமல் பக்கத்தில் இன்னொரு தடவையும் பதித்தார். இரண்டாவது வெளிறி விழும். முன்னால் ஓர் இலை, பின்னால் ஓர் இலை என்ற ஆழம் ஒரே மையில் கிடைத்துவிடுகிறது. பிக்மென்ட் முழுக்கக் காய ஒரு நாள் விட்டபின் பின்னணி நிறம் தேய்த்தார், மிகக் குறைவாக.

மையத்துளையை இம்முறை மணி முள்ளின் வட்டத் தலையை விட ஒரு மில்லிமீட்டர் பெரியதாக வெட்டினோம். துளையில் தெரிவது அடியில் உள்ள பழைய வெள்ளை முகப்புதான், தூரத்தில் கண்ணுக்குத் தெரியாது. மணி முள் பழைய ஆழத்துக்கே இறங்கியது. தாளை ஓரத்தில் மட்டும் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டினோம். தண்ணீர் கலந்த பசை தாளை உப்பவைக்கும். முட்களை 12-இல் வைத்து, பொத்தானைத் திருப்பி மணி முள்ளின் ஒரு முழுச் சுற்று, அதாவது 11 சந்திப்புகளையும், பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சரிபார்த்தோம். பின் மேஜையில் வைக்காமல் ஓர் ஆணியில் தொங்கவிட்டுச் சோதித்தோம்.

விளைவு

சில மாதங்களாக நிற்காமல் ஓடுகிறது. கட்டிலிலிருந்து எழாமல் அப்பா மணி சொல்கிறார், இரவு விளக்கிலும். வளையத்தில் இலைகள் குறைந்துவிட்டன என்று வீட்டில் சிலருக்குக் குறை. முதல் முகப்பைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது, அதில் பொய் இல்லை. 7 இம்மியளவு இடப்பக்கம் தள்ளி விழுந்திருக்கிறது, அது மகளை இன்னும் உறுத்துகிறது. அப்பாவுக்கு அது கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. முதல் முகப்பு வீணாகவில்லை, முட்கள் இல்லாமல் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பார்க்கப் போகிறவரை முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். எண்களை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிக் காட்டிய அந்தச் சின்னச் சோதனை முதல் முகப்புக்கு முன் நடந்திருந்தால் தங்க எண்களும் ரோமனும் அன்றே கழிந்திருக்கும்.

நிமிட முள் எட்டும் வட்டத்தைப் பழைய முகப்பில் அளந்து குறித்த பிறகே வடிவமைப்பைத் தொடங்க வேண்டும். புதுத் தாளின் கனத்தையும் துளையின் அளவையும் மணி முள்ளை வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இலைகள் அடர்த்தியாகவே வேண்டும் என்பவர்கள் அகலமான, தடித்த முட்கள் உள்ள கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இலைகளை வெளிறிய இரண்டாம் பதிப்பாக மட்டும் அச்சிட்டால் மையம் வரைகூட ஓரளவு கொண்டுபோகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, இன்னும் செய்து பார்க்கவில்லை.

நொடி முள்ளில் எதையும் ஒட்ட வேண்டாம். துள்ளும் வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்று குழந்தைகள் கேட்டால், அதை ஃப்ரேமில் ஒட்டுங்கள்.

டிரேசிங் தாளையும் நடுவட்ட மறைப்பையும் அவர் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறார். எந்த ஸ்டாம்ப், எந்த மை, எந்த வரிசை என்று முகப்பின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியும் இருக்கிறார். வெயிலில் பின்னணி மங்கும்போது புது முகப்பு செய்ய அது போதும், 7-ஐயும் அப்போது சரிசெய்துகொள்வார்.